ஒன்பது வயது அத்தை

"அந்தப் பாவைக்குள்ள இருக்கிறவங்களுக்கு வயசு ஏறுமா, ஏறாதா?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மேசை முழுக்கப் பகடையும் முறுக்குத் தூளும். கேட்டவன் எங்கள் கூட்டத்தில் எப்போதும் கிழட்டுக் கொல்லனாகவே ஆடுகிறவன். ஆறு மாதம் உட்கார்ந்து, பாவைகளை வீட்டில் வைத்திருக்கும் அந்த இனத்தை உருவாக்கியவன் நான். அவர்களுடைய உலைக்களம், சாவுச் சடங்கு, வரிப்பணம் வரை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இது மட்டும் இல்லை. "டீ குடிச்சிட்டு சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்த காலந்தொட்டு இந்த ஆட்டத்தில் சாவு ஒரு சௌகரியமான சங்கதி. நல்ல பூசாரி கிடைத்தால் செத்தவனை எழுப்பிவிடலாம். எனக்கு அது ஒட்டுவதே இல்லை. செத்தவர்கள் வீட்டோடேயே இருந்து வீட்டுக்காரர்களைப் பாடாய்ப் படுத்துகிற ஊர் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

முதல் வரைவு அப்பட்டமான திருட்டு. கீத் பேக்கர் உருவாக்கிய எபெரான் என்ற உலகம் 2004-ல் புத்தகமாக வந்தது. இந்த ஆட்டத்துக்குப் புது உலகம் கேட்டு 2002-ல் நடந்த தேடலுக்கு வந்து குவிந்த பதினோராயிரம் யோசனைகளில் தேறியது அது. அதில் வார்ஃபோர்ஜ்ட் என்று ஓர் இனம், போருக்கென்றே மரமும் உலோகமும் சேர்த்துச் செய்த ஆட்கள். போர் முடிந்த பிறகு, இவர்களுக்கு ஆன்மா உண்டா இல்லையா என்று ஊரே மண்டையை உடைத்துக்கொள்கிறது. அதே உலகத்தின் இன்னொரு மூலையில் ஏரெனால் எல்ஃபுகள் தங்கள் முன்னோரைப் போகவிடாமல் சபையாக உட்கார்த்தி யோசனை கேட்கிறார்கள். நான் இரண்டையும் ஒட்டுப்போட்டேன்: வெண்கல உடம்பு, நெஞ்சில் ஒரு கல், கல்லுக்குள் பாட்டன். அந்த உடம்புக்குப் பாவை என்று பெயர் வைத்தேன். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. ஆனால் பாட்டன் சும்மா நின்றார். கேட்டால் பதில் சொன்னார், அகராதி மாதிரி.

இன்காக்களைப் படித்த பிறகுதான் எங்கே கோட்டை விட்டேன் என்று தெரிந்தது. குஸ்கோவில் அரசன் செத்தால் அவன் நிலபுலன் அவன் பேரிலேயே இருக்கும். அடுத்து வருகிறவனுக்குப் பட்டம் மட்டும்தான். சொத்தைப் பனாகா என்கிற மற்ற வாரிசுகளின் கூட்டம் செத்தவன் பேரில் ஆண்டு அனுபவிக்கும். பதப்படுத்திய உடலைத் திருவிழாவுக்குச் சதுக்கத்துக்குத் தூக்கிவந்து சோளக்கள் ஊற்றிக் கொடுப்பார்கள். அவனுக்காகப் பேச ஆள் உண்டு. உயிரோடிருந்த அரசன் ஹுவாஸ்கார், நாட்டில் உள்ளதையெல்லாம் செத்தவர்களே வைத்திருக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டதாகப் பெத்ரோ பிசாரோ எழுதிவைத்திருக்கிறார். 1559-ல் போலோ தெ ஒந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி அந்த உடல்களைத் தேடித்தேடிப் பறிமுதல் செய்தார். ஆட்சி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கே நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். உள்ளே இருக்கிறவரைவிட, அவரைத் துடைத்து எண்ணெய் போடுகிறவர் யார், அவர் சொன்னதாக வெளியே வந்து சொல்கிறவர் யார் என்று எழுத எழுத ஊரில் சண்டை வந்தது, சம்பந்தம் முறிந்தது, வழக்கு நடந்தது. வருசத்துக்கு ஒருமுறை வாரிசு வந்து நெஞ்சைத் திறந்து எண்ணெய் விடவேண்டும். தவறினால் இருபது முகப் பகடை; ஐந்துக்குக் கீழே விழுந்தால் பாவைக்கு ஒரு ஞாபகம் போய்விடும். முதலில் போவது பேரப்பிள்ளைகளின் பேர்.

சுலாவெசியில் தொராஜா மக்கள் பலா மரத்தில் இறந்தவரின் உருவம் செதுக்கிக் குன்றின் முகப்பில் நிறுத்துகிறார்கள். தாவ்-தாவ் என்று பேர். துணி நைந்தால் மாற்றி உடுத்துவார்கள். நம் பக்கத்து நடுகல்லுக்குக்கூடத் தொல்காப்பியம் கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி நீராட்டி நடுவது வரை முறை சொல்கிறது. அதையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது தாவ்-தாவின் துணிதான். அடுப்படியில் டீ பொங்கிக்கொண்டிருக்க, ஓலைப்பெட்டி ஞாபகம் வந்தது.

கோவில்பட்டிப் பக்கம் ஆச்சி வீட்டில், உள்ளறைப் பரணில் அந்தப் பெட்டி இருக்கும். உள்ளே ஒரு பாவாடை, சட்டை, ரிப்பன், கண்ணாடி வளையல். ஒன்பது வயதில் காய்ச்சலில் போன அத்தைக்கு உள்ளது. அப்பாவுக்கு அக்கா. வருசாவருசம் தை மாதம் புதுசு எடுத்துப் படைத்துப் பெட்டியில் வைப்பார்கள். பழையதை வீட்டுப் பெண்பிள்ளை உடுத்திக்கொள்ளும். எங்கள் வீட்டில் தங்கச்சி. ஏழு வயதில் அவளுக்கு அது தரையில் புரண்டது. ஆச்சி இடுப்பில் நாலு மடிப்பு மடித்துச் சொருகிவிட்டாள். பத்து வயதில் கெண்டைக்காலுக்கு ஏறிவிட்டது. நடுவில் ஒரு வருசம், ஒரே ஒரு வருசம், தைத்து வைத்தாற்போல் பொருந்தியது. முற்றத்தில் நின்றவளைப் பார்த்து ஆச்சி வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டாள். தங்கச்சியும் "என்னம்மா" என்று திரும்பினாள். ஆச்சியை அவள் அம்மா என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். கேட்டால் இன்றைக்கும் ஞாபகமில்லை என்கிறாள்.

டீயோடு திரும்பிவந்து, "ஏறாது" என்றேன்.

கொல்லன் யோசித்தான். அவன் வீட்டுப் பாவைக்குள் இருப்பது சின்ன வயதில் செத்த அக்கா என்று போன வாரம்தான் முடிவாகியிருந்தது. "எனக்கு அறுபது வயசு, தாடியெல்லாம் நரைச்சாச்சு. அவளுக்கு ஒன்பது. அக்கான்னு கூப்பிடுறதா, பாப்பான்னா?"

"அக்காதான்."

"அதட்டுவாளா?"

"அதட்டுவா."

பகடையை உருட்டினான். பன்னிரண்டு. எண்ணெய் விட்டுவிட்டு, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அன்றைய வேலையை ஒப்பிக்கிறேன் என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆச்சி போன பிறகு அத்தைக்குப் புதுசைச் சித்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முட்டிவலி, போன தைக்கு நான்தான் ஜவுளிக்கடைக்குப் போனேன். அரக்குக் கலர்ப் பாவாடை கேட்டேன்.

"பிள்ளைக்கு என்ன வயசு சார்?"

"ஒன்பது."

"கூட்டிட்டு வந்திருந்தா அளவு பாத்திருக்கலாம். இந்த வயசுல மடமடன்னு வளந்துரும். ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கோங்க, அடுத்த வருசத்துக்கும் ஆகும்."

"வேண்டாம்," என்றேன். "அளவு தெரியும்."