கிளவுடும் சிப்காட் பாஷையும்

இப்போதெல்லாம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்னக் கம்பெனிகள்கூட கணக்கை ‘கிளவுட்’டுக்கு மாற்றுகின்றன. அப்படி ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறான் என் தங்கை மகன். போன வாரம் ஒப்பந்தத் தாளோடு வந்தான். “மாமா, மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டிட்டோம். ஒருத்தருக்கும் புரியலை. திங்கட்கிழமை கையெழுத்துப் போடணும்” என்றான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவனில்லை. பர்ச்சேஸில் முப்பது வருஷம் இருந்தவன். தாளைப் படித்ததும் புரிந்தது, இது வாடகை விவகாரம். வேறொருவர் கட்டிடத்தில் இருக்கும் கம்ப்யூட்டரை நாம் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் 2011-இல் இந்தச் சேவையை மூன்று வகையாகப் பிரித்தது. நம் ஊர் பாஷையில் சொல்கிறேன்.

‘ஐயாஸ்’ என்பது சிப்காட் மனை. இடம், ரோடு, தண்ணீர் அவர்களுடையது. ஷெட் போடுவதும் மெஷின் இறக்குவதும் நம் பாடு.

‘பாஸ்’ என்பது சிட்கோ ஷெட். கூரையோடு தயாராக இருக்கும். மெஷினை இறக்கி வேலையை ஆரம்பிக்கலாம்.

‘சாஸ்’ என்பது ஜாப் ஒர்க். மெஷினும் அவர்களுடையதே, சரக்கைக் கொடுத்து, முடிந்ததை வாங்கிக்கொள்கிறோம்.

அவன் கொண்டுவந்தது மூன்றாவது வகை. ஜாப் ஒர்க்குக்குச் சரக்கு அனுப்புகிறவன் கேட்கும் கேள்விகளையே கேட்கச் சொன்னேன்.

ஒப்பந்தம் முடிந்தால் நம் கணக்கு விவரம் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன செலவில் திரும்பி வரும்? அந்தத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதிச் சேர்க்காமல் கையெழுத்து வேண்டாம் என்றேன்.

‘அப்டைம் 99.9 சதவீதம்’ என்று போட்டிருந்தது. வருஷத்துக்கு 8,760 மணி நேரம். விட்டுப்போன 0.1 சதவீதம் ஏறக்குறைய எட்டே முக்கால் மணி. அது ஜி.எஸ்.டி. 3பி தாக்கலின் கடைசி நாளான 20-ஆம் தேதியில் விழுந்தால்? மாதக் கணக்கா, வருஷக் கணக்கா, தவறினால் என்ன ஈடு என்று கேட்க வேண்டும்.

‘பேக்கப்’ எங்கே இருக்கிறது? கணக்குப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருந்தால், அதன் நகலை இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனி விதியைத் திருத்தினார்கள். கிளவுட்காரர் கவனிப்பார் என்று இருந்துவிட முடியாது. பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்படி ஒரு தாளைக் கொண்டுவந்தால், நமக்கென்ன தெரியும் என்று ஒதுங்காதீர்கள். வாடகைச் சீட்டும் ஜாப் ஒர்க் சலானும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதுவும் பிடிபடும்.