ஆழ்கடல் நத்தை மீன்

சென்ற ஆண்டு தமிழ் மன்றப் போட்டிக்கென ஆழ்கடலைப் பொருளாகக் கொண்டு 40 அடியில் ஆசிரியப்பா ஒன்று யாத்தோம். கடலடியில் உலவும் மீன்களுக்கு இரும்பொத்த செதிலும் வாளொத்த பல்லும் தாராளமாக வழங்கியிருந்தோம். மலையளவு நீர்ப்பாரத்தைத் தாங்கும் உடல் வன்மையுடையதாகவே இருத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. பரிசாக ஒரு நூலும் கிடைத்தது.

விலங்கியல் பயிலும் அறைத்தோழர் அப்பாட்டைக் கேட்டு, “நண்பரே, உம்முடைய மீன்கள் எக்கடலில் வாழ்கின்றன?” என்று வினவி, அசையும் படம் ஒன்றைக் காட்டினார். 2022-ஆம் ஆண்டில், ஜப்பானுக்குத் தெற்கேயுள்ள இசு-ஒகசவாரா அகழியில், 8,336 மீட்டர் ஆழத்திற்கு இரையுடன் இறக்கப்பட்ட கருவி பிடித்த படம் அது. அதற்குமுன் எம்மீனும் அத்துணை ஆழத்திற் படம்பிடிக்கப்பட்டதில்லை. யாம் கண்டதோ, தலைப்பிரட்டையைப் பெரிதாக்கினாற்போன்ற ஒரு சிறு நத்தை மீன்! யாதொரு அவசரமுமின்றி நீந்திக்கொண்டிருந்தது.

அவ்வினத்திற்குச் செதிலே இல்லையாம். மரியானா அகழியில் வாழ்வதும், 2017-இல் அறிவியற்பெயர் சூட்டப்பெற்றதுமாகிய அதன் உறவு மீன் ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. இளஞ்சிவப்பான அதன் மெல்லிய தோலினூடே ஈரல் புலப்படும். தசைக்கும் தோலுக்கும் இடையே நுங்குபோற் குழைந்த பொருள். மண்டையோடும் முழுதும் எலும்பாய் இறுகவில்லை. ஆங்குள்ள அழுத்தமோ கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 800 மடங்கு!

நசுங்காதிருப்பது எவ்வாறு? காற்றுப்பை இருப்பின் அன்றோ நசுங்கும்! அஃது இம்மீனுக்கு இல்லை. உள்ளும் புறமும் நீரே ஒத்து நிற்கின்றது. எனினும், அவ்வழுத்தம் உடலின் புரதங்களை உருக்குலைக்க வல்லது. அதனைத் தடுப்பது டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்னும் பொருள். ஆழம் மிகமிக, மீனின் உடலில் இப்பொருளும் மிகும். ஒரு வரம்பைக் கடந்து மிகுமாயின், கடல்நீர் உடலுள் அளவின்றிப் புகத் தொடங்கும். ஆதலின் 8,200 முதல் 8,400 மீட்டர் வரையிலான ஆழமே மீன் குலத்திற்கு எல்லை என்று கணித்துள்ளனர். இக்காரணத்தைத் தோழர் விளக்கியபோது, எமது பாட்டில் ஒரு மீனைப் பாதாளத்தின் கடைக்கோடிவரை ஓட்டிச் சென்ற அடியை நினைந்து நாணினோம்.

பரிசு நூலைத் திருப்பித் தரச் சென்றோம்; மன்றத் தலைவர் நகைத்து மறுத்துவிட்டார். இவ்விதழுக்கு அப்பாட்டையே கேட்டனர். பிழையை நீக்கி எழுத அமர்ந்தோம். செதிலும் பல்லும் போயின; போர்க்கோலம் போயிற்று; எதுகைகளும் உடன் போயின. எட்டு அடிகளே எஞ்சின. பாட்டிற்கு மாறாக இவ்வுரைநடையை விடுத்துள்ளோம்.