எனி டவுட்ஸ்?



போன ஞாயிறு எடின்பரோவிலிருந்து பழைய மாணவி ஒருத்தி கூப்பிட்டாள். போத்தனூர் ரயில்வே காலனிப் பொண்ணு. ஆபீஸ் மீட்டிங்கில் விளக்கம் கேட்க நினைத்து, 'ஐ ஹேவ் எ டவுட்' என்றிருக்கிறாள். மேலாளர் முகம் சுருங்கிப்போச்சாம். தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லிக் குடுத்த இங்கிலீஷ்தானுங்க சார்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 33 வருஷம் ஒவ்வொரு வகுப்பையும் 'எனி டவுட்ஸ்?' என்று கேட்டு முடித்தவன் நான்தானே!

தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்யும். 'ஒரு சந்தேகம் கேக்கோணும்' என்றால் ஆங்கிலத்தில் அது கொஸ்டின். 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம், அதுதான் டவுட். 'அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்' என்றால் சஸ்பெக்ட். டவுட் 'இல்லை' பக்கம் சாயும். சஸ்பெக்ட் 'ஆமாம்' பக்கம் சாயும்.

ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கிலோ இது தலைகீழ். 'ஐ டவுட் இட்ஸ் கோயிங் டு ரெயின்' என்று பக்கத்து வீட்டம்மா சொல்ல, குடையில்லாமல் போய் நனைந்திருக்கிறாள். மழை வரும்போலிருக்கு என்று அங்கே அர்த்தமாம்!

வெளிநாடு போகிற பிள்ளைகள் கொஸ்டின் என்றே சொல்லிப் பழகுங்க. நம்மூரில் டவுட் என்றால் எல்லோருக்கும் புரியும், தப்பில்லை. இத்தனை வருஷம் கழித்தும் வாத்தியார் தப்பை வாத்தியாரிடமே சொல்ல ஒருத்திக்குத் தோன்றியதே, எனக்குச் சந்தோஷம். கேக்காம மட்டும் இருந்துராதீங்க கண்ணுகளா. இதிலும் டவுட் இருந்தா போன் பண்ணுங்க.