வாசிப்புக் குறிப்பேடும் மதிப்பெண்ணும்

'ஆசிரியர் இக்கதையில் குழந்தை மனத்தை அழகாகப் படம்பிடித்துக் காட்டியுள்ளார்.' கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் படித்தபின் மாணவர்கள் தம் வாசிப்புக் குறிப்பேட்டில் எழுதும் முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான். கதையைப் படிக்காமலேயே இதை எழுதிவிடலாம். வழிகாட்டி நூல்களில் கிடைக்கும்; இப்போது கைப்பேசியிடம் கேட்டாலும் கிடைக்கிறது. 'நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு விடையெழுதப் பள்ளி அவர்களை நன்றாகவே பழக்கியிருக்கிறது. படிக்கும்போது தமக்குள் என்ன நேர்ந்தது என்று சொல்ல ஒருவரும் பழக்கியதில்லை.

ஆகவே, குறிப்பேடு தொடங்கும்போது நான் கருத்தைக் கேட்பதில்லை, இடத்தைக் கேட்கிறேன். எந்த வரியில் நின்றீர்கள்? எங்கே சலிப்புத் தட்டியது? யாருடைய செய்கை புரியவில்லை? இவற்றுக்கு எந்த உரைநூலிலும் விடை கிடையாது. கதை பிடிக்கவில்லை என்று எழுதவும் உரிமை உண்டு; எந்த இடத்திலிருந்து பிடிக்காமல் போயிற்று என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

நோட்டின் இடப்பக்கம் முதல் வாசிப்புக்கு. வலப்பக்கத்தை ஒரு வாரம் வெறுமையாக விட்டு, மீண்டும் படித்தபின் நிரப்ப வேண்டும். இதில் புதுமை ஏதுமில்லை. ஒரு நூலை இரண்டாம் முறை கேட்பவனிடம் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்பவன் அதை முறையறிந்து எடுத்துரைப்பான் என்று நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே பவணந்தியார் சொல்லிவிட்டார். அதைத் தாளில் செய்துபார்க்கிறோம், அவ்வளவே.

'அன்பளிப்பு', 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற தொகுப்பின் தலைப்புக் கதை. கதைசொல்லி குழந்தைகள் சிலருக்கு டைரி தருகிறார், சாரங்கனுக்குத் தரவில்லை. பின்னர் அச்சிறுவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஒரு டைரியை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித்தரச் சொல்கிறான். ஒரு மாணவியின் இடப்பக்கத்தில் 'பாவம் சாரங்கன்' என்ற இரு சொற்கள் மட்டுமே இருந்தன. அதன்கீழ்ப் பென்சிலால், 'தான் பாவம் என்று அவன் நினைக்கிறானா?' என்று எழுதித் திருப்பித் தந்தேன். அடுத்த வாரம் வலப்பக்கத்தில் இப்படி இருந்தது:

'அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. டைரி அவனிடம் இருக்கிறது. அதை அவர் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறான். எனக்கு எப்போதும் அக்காவின் பழைய புத்தகங்கள்தான். முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.'

கதையைப் பற்றி இதைவிட நெருக்கமாக நான் வகுப்பில் சொல்லிவிடவில்லை.

'அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் 5 இதற்கு ஒதுக்கலாமே' என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மதிப்பெண் இல்லாததால் பருவத்தின் நடுவிலேயே பாதிப்பேர் எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். ஆனால், அக்காவின் பெயரை அடித்த அந்தப் பக்கத்துக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது? நான்கு போட்டால், மீதமுள்ள ஒன்றுக்காக அடுத்த முறை அவள் எழுதுவாள். 'அழகாகப் படம்பிடித்துக் காட்டியுள்ளார்' உடனே திரும்பி வந்துவிடும்.

எனவே மதிப்பெண் இல்லை, சிவப்பு மையும் இல்லை. தமிழாசிரியன் கண்ணை ஒற்றுப்பிழை உறுத்தத்தான் செய்யும். அதைக் கட்டுரை ஏட்டில் திருத்திக்கொள்ளலாம். மடித்து வைத்த பக்கத்தைப் பிரித்துப் படிப்பதில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதுகிறேன், விடை எனக்கே தெரியாத கேள்வியாகப் பார்த்து.

தொடர்ந்து எழுதுகிறவர்களும் தேர்வுத்தாளில் 'படம்பிடித்துக் காட்டியுள்ளார்' என்றே எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும், பட்டம் வேண்டுமே. ஆனால் அது தேர்வின் மொழி, தம்முடையது வேறு என்று தெரிந்தே எழுதுகிறார்கள். பருவ முடிவில் நோட்டுகளைத் துறை அலமாரியில் சேர்ப்பதில்லை. முதல் பக்கத்தில் அவரவர் பெயர் இருக்கிறது. அவரவரே எடுத்துச் செல்கிறார்கள்.