தச்சரின் குலமுறை

“தாத்தாவுடைய தாத்தா பேர் என்னப்பா?” என்று நம் மகன் பள்ளிப் பாடத்துக்காக ஒருநாள் கேட்டான். பதில் தெரியாமல் விழித்தோம். ஊரைவிட்டு நாகபுரிக்கு வந்து இரண்டே தலைமுறைதான், அதற்குள் இந்நிலை. வாடிய அவன் முகத்தைக் கண்டு, ஆபிரகாம் லிங்கனின் செய்தியைச் சொல்லித் தேற்றினோம். உண்மையில் தேற்றிக்கொண்டது நம்மையே.

லிங்கன் 1809-இல் கெண்டக்கி நாட்டுப்புறத்தில் மரக்குடிசையொன்றில் பிறந்தவர் என்பதை யாவரும் அறிவர். தந்தை தாமஸ், தச்சு வேலையும் உழவும் செய்து பிழைத்தவர். அத்தச்சரின் முன்னோர் யாவர் என்பது ஜனாதிபதியான மகனுக்கே தெரியாது என்பதைப் பலர் அறியார்.

தாமஸின் தந்தை பெயரும் ஆபிரகாமே. 1786-இல் அவர் தம் நிலத்தில் வேலை செய்துகொண்டிருக்கையில் செவ்விந்தியர் ஒருவரால் கொல்லப்பட்டார். தாமஸுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். குடும்பக் கதை கேட்க வேண்டிய பருவத்தில், சொல்ல வேண்டியவர் மறைந்தார்.

1848-இல் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராயிருந்தபோது, மாஸசூஸெட்ஸில் உள்ள ஹிங்கம் என்ற ஊரினரான சாலமன் லிங்கன் என்பவர் அவருடைய குலத்தைப் பற்றி விசாரித்தார். லிங்கன் அறிந்ததை எழுதினார்: பாட்டனார் 1782-ஐ ஒட்டி வர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர், அதற்கு முன் பென்ஸில்வேனியா என்பது செவிவழிச் செய்தி, பெரிய தகப்பனார் மோர்டெக்காய். அவ்வளவே. 1859-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பிலும், இரு குடும்பத்தாரின் பெயர்கள் ஒத்திருப்பதற்கு மேல் ஒன்றும் துலங்கவில்லை என்றே குறித்தார்.

விந்தை என்னவெனில், விசாரித்தவரின் ஊரே அவருடைய பூர்வீகம்! 1637-இல் இங்கிலாந்திலிருந்து வந்து பின்னர் ஹிங்கமில் குடியேறிய சாமுவேல் என்பவரின் வழியில் லிங்கன் ஏழாம் தலைமுறை. சாமுவேலின் பேரன் நியூ ஜெர்ஸி சென்று, பின் பென்ஸில்வேனியாவில் நிலைத்தார். அவர் மகன் வர்ஜீனியாவுக்குப் பெயர்ந்தார். பெயர்ச்சிதோறும் ஒரு கண்ணி அறுந்தது. அவற்றை மீண்டும் கோத்துத் தந்தவை நிலப் பத்திரங்களும் உயில்களும். அது லிங்கன் மறைந்த பிறகு.

குடிக்கணக்கு உதவாதோ எனலாம். 1840 வரை அதில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே உண்டு. 1850-இல்தான் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது, அதுவும் அடிமையல்லாதாருக்கே. அடிமைகளை வயது, பால் என்று குறித்து, உரிமையாளர் பெயரின் கீழ் அடுக்கிவிட்டனர். அவர்தம் பேரர்கள் எங்கே போய்த் தேடுவர்?

பதிவேட்டில் பெயரெழுதிப் பிழைக்கும் நமக்கு ஒரு செய்தி உறுத்திற்று. கெண்டக்கிப் பத்திரங்களில் இக்குடும்பப் பெயர் ‘லிங்க்ஹார்ன்’ என்றும் காணப்படுகிறது. காதில் விழுந்தபடி எழுதிய குமாஸ்தாவின் கைவண்ணம்! சரக்கு ரசீதுகளில் நாம் குறுக்கிய சுப்பிரமணியர்கள் எத்தனையோ பேர்.

தாமஸின் திருமணம் நடந்தது 1806 ஜூன் 12-இல், கெண்டக்கியின் வாஷிங்டன் ஜில்லாவில். அப்பதிவும் 1865-இல் லிங்கன் மறைந்த பின்னரே வெளிப்பட்டது.

அன்றிரவே ஊரிலுள்ள பெரியப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். “பெரிய தாத்தாவை எல்லாப் பேரையும் முழுசா எழுதச் சொல்லுங்கப்பா, இனிஷியல் மட்டும் வேண்டாம்” என்றான் மகன். அதையும் சேர்த்தே எழுதினோம்.