வழங்குமுன் விலக்கி வைத்தல்

யான் மூன்றாம் ஆண்டு மாணவனாயிருந்த காலத்தில், கல்லூரி நூலகத்து வலையமைப்பிற்குப் புதிய ரௌட்டர் ஒன்று வந்தது. அதனை அமைத்துத் தரும் பணியை ஆசிரியர் என்னிடம் ஒப்புவித்தார். சிறிய பணியே, ஆயினும் அதனால் யான் அடைந்த நாணம் இன்றும் நீங்கவில்லை. பின்வருவோர்க்குப் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டு எழுதலானேன்.

வலையமைப்பிற் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்னும் எண் ஒன்று வேண்டும். ஒரே எண் இரண்டு கருவிகளுக்கு இருத்தல் ஆகாது. முன்னாளில் இவ்வெண்ணை ஒவ்வொரு கணினியிலும் கையாலேயே பதித்து வந்தனர். கருவிகள் பெருகவே அது பெருந்தொல்லையாயிற்று. இத்தொல்லை தீர, பக்னல் பல்கலைக்கழகத்து ரால்ப் டிராம்ஸ் என்பார் வகுத்தெழுதிய டி.எச்.சி.பி. என்னும் முறை 1993-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 1997-இல் அது திருத்தம் பெற்றது. புதிதாய் வரும் கருவி, "எனக்கு முகவரி தருவார் உளரோ?" என்று வலையமைப்பு முழுவதும் கேட்கக் கூவும். சர்வர், "இவ்வெண் உளது" என்னும். கருவி, "அதனையே வேண்டுகின்றேன்" என்னும். சர்வர், "தந்தேன்" என்று உறுதி கூறும். இந்நான்கு மொழிகளிற் காரியம் முடிந்துவிடும். அங்ஙனம் பெற்ற முகவரி தானமன்று, குத்தகையே. தவணையிற் பாதி கழிந்ததும் கருவி அதனைப் புதுப்பிக்குமாறு கேட்கத் தொடங்கும்.

நிற்க. யான் 192.168.10.0 என்னும் தொகுதியை ரௌட்டரிற் குறித்தேன். அதிற் கருவிகளுக்கு உதவும் எண்கள் 254. ரௌட்டருக்குரிய முதலெண்ணை மட்டும் விலக்கி, எஞ்சியவற்றையெல்லாம் வழங்குமாறு அமைத்தேன். ஐந்தாறு கணினிகள் முகவரி பெற்றதைக் கண்டு, பணி முற்றிற்றென்று மகிழ்ந்து வீடு திரும்பினேன். நூலகத்து அச்சுப்பொறிக்கு 192.168.10.20 என்னும் எண் நெடுநாள் முன்னரே கையாற் பதித்து வைக்கப்பட்டிருந்தது. யான் அதனை ஒருவரிடமும் விசாரித்தேனில்லை.

சில நாட் சென்றபின், தேர்வு நுழைவுச்சீட்டுகளை அச்சிடவேண்டிய நாள் வந்தது. அச்சுப்பொறி ஒருகால் இயங்கிற்று; மறுகால் வாளா இருந்தது. மாணவர் வரிசை வாயிலையும் கடந்து நீண்டது. யான் ரௌட்டரின் குத்தகைப் பட்டியலைப் பார்த்தேன். 20 என்னும் எண் முதலாண்டு மாணவன் ஒருவனது மடிக்கணினிக்குரியதாய் இருந்தது. வேண்டுமென்றே அவன் செய்த குறும்பு இதுவெனத் துணிந்து, பலர் முன்னிலையில் அவனைக் கடிந்துரைத்தேன். அவன் தலை குனிந்து, "அண்ணா, நான் ஒன்றையும் மாற்றவில்லை. தானாக வந்த எண்ணையே என் கணினி வாங்கிக்கொண்டது" என்றான். சோதித்துப் பார்த்தேன், அவன் சொல் உண்மையாயிருந்தது.

காரணம் பின்னரே விளங்கிற்று. எமது ரௌட்டர் ஓரெண்ணை வழங்குமுன், அதனை வேறு கருவி கொண்டுளதோ என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். அன்று காலை நூலகம் திறந்தவுடனே அவன் வந்துவிட்டான். அச்சுப்பொறியோ அப்பொழுது மின்சாரமின்றி அணைந்திருந்தது. மறுமொழி வராமையால், அவ்வெண் உரியவரற்றதென்று ரௌட்டர் அவனுக்கு அளித்தது. விலக்கவேண்டிய எண்களை முன்னரே குறித்துக் கொடாதது என் பிழையேயன்றி, கருவியின் பிழையுமன்று, அவன் பிழையுமன்று.

உடனே 1 முதல் 30 வரையுள்ள எண்களை வழங்கலாகாதென்று விலக்கினேன். அவ்வளவில் முன்னரே கொடுத்த குத்தகை நீங்கிவிடாது. ஆகலின் பட்டியலில் அப்பதிவை அழித்து, அவன் கணினி வேறெண் பெறுமாறு செய்தேன். அச்சுப்பொறி மீண்டும் செவ்வனே இயங்கிற்று. நுழைவுச்சீட்டுகள் மாலைக்குள் முடிந்தன.

அன்று மாலையே அம்மாணவனைத் தனியே கண்டு மன்னிப்புக் கேட்டேன். அவனும் புன்முறுவலுடன் மன்னித்தான். ஆயினும், பலர் முன் கடிந்துவிட்டுத் தனியே மன்னிப்புக் கேட்பது நேர்மையாகுமா என்னும் வினா என்னை விட்டகலவில்லை. என் கடுஞ்சொல்லைக் கேட்டவர் பலர். அவன் குற்றமற்றவன் என்பதைக் கேட்டவர் ஒருவருமிலர். அன்று அவ்வரிசையில் நின்றோருட் சிலர் இம்மலரைப் படித்தல் கூடும். அவர்கட்கு யான் சொல்லவேண்டியது இதுவே: அந்நாளைய பிழை என்னுடையது.