திரையில் திருப்பலி

1931 பிப்ரவரி 12 அன்று, மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். புதிய கருவிகளைத் திருச்சபை வெறுத்து ஒதுக்கியதில்லை, சற்றுத் தயங்கியதுண்டு. 2020 மார்ச் 27 அன்று, மழையில் நனைந்து வெறிச்சோடிக் கிடந்த பேதுரு சதுக்கத்தை நோக்கித் திருத்தந்தை பிரான்சிஸ் நற்கருணை ஆசீர் அளித்ததை நம் இல்லங்களில் இருந்தபடியே கண்டோமே!

படுக்கையை விட்டு எழ இயலாத என் தாயார் இன்றும் கைப்பேசியில்தான் திருப்பலி காண்கிறார். எழுந்தேற்றத்தின்போது கரம் குவிப்பார். நன்மை வாங்கும் வேளையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொள்வார். "சோற்றைப் பார்த்தால் பசி ஆறுமா?" என்பார். இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று 2002-இல் வத்திக்கான் வெளியிட்ட 'திருச்சபையும் இணையமும்' என்னும் ஏட்டை அவர் படித்தவரல்லர்.

முன்பெல்லாம் முதல் வெள்ளிதோறும் நோயாளர் இல்லங்களுக்கு நற்கருணை வரும். 'நேரலை இருக்கிறதே' என்ற எண்ணத்தில் எங்கள் பங்கில் அவ்வழக்கம் அருகிவிட்டது. கருவியின்மீது எனக்கு வருத்தமில்லை. அதனைச் சாக்காகக் கொள்வதுதான் மனத்தை உறுத்துகிறது. பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னேன். வரும் வெள்ளியன்று தாமே வருவதாகக் கூறினார். வெள்ளைத் துணியையும் மெழுகுதிரியையும் அம்மா இப்போதே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.